ஒரு வருடம் கட்டுரை எழுதினேன், ஆனால் எழுதக் கற்றேனா?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் பத்தாம் வகுப்பு படித்து, பொதுத்தேர்வு முடிந்து விடுமுறையில் இருக்கிறீர்கள். பள்ளி ஆண்டு மலருக்காக ‘கட்டுரை எழுதக் கற்ற ஓராண்டு’ என்று இரண்டு பக்கம் எழுதித் தரும்படி உங்கள் தமிழாசிரியை கேட்டிருக்கிறார். அதற்காகக் கட்டுரை நோட்டைப் புரட்டியிருக்கிறீர்கள். ஜூன் மாதம் எழுதிய முதல் கட்டுரைக்கு 8க்கு 4, கடைசித் திருப்புதல் தேர்வில் 8க்கு 7. “ஆனால் இதில் ஒரு வரிகூட என்னுடையது இல்லை. எழுதக் கற்றேனா, மனப்பாடம் செய்யக் கற்றேனா என்றே தெரியவில்லை. நான் என்னத்தை எழுதுவது?” என்று கேட்டிருக்கிறீர்கள். ஆண்டு மலருக்கு என்ன எழுதலாம் என்பது அதில் சின்னப் பகுதி. மதிப்பெண் கூடியதும் எழுத்து வளர்ந்ததும் ஒன்றுதானா என்பதைத்தான் நீங்கள் உண்மையில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

இரண்டும் ஒன்று இல்லை. ஆனால் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவையும் இல்லை. அரசுப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் கற்பித்தவன், வருடா வருடம் விடைத்தாள் திருத்தும் முகாமில் உட்கார்ந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். உங்கள் நோட்டை நான் பார்க்கவில்லை. அதனால் நீங்கள் கற்றீர்களா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு வழியில்லை. அந்த நோட்டில் எதைத் தேடினால் பதில் கிடைக்கும் என்று மட்டும் சொல்ல முடியும்.

முதலில் மனப்பாடம் பற்றிய குற்ற உணர்ச்சியைக் கொஞ்சம் இறக்கி வைத்துவிடலாம். தமிழ்த் தாள் 100 மதிப்பெண், 3 மணி நேரம். அதாவது 180 நிமிடம். கணக்குப் போட்டால் 8 மதிப்பெண் கட்டுரைக்கு உங்கள் பங்கில் வருவது சுமார் 15 நிமிடம்தான். அந்தப் பதினைந்து நிமிடத்துக்குள் தலைப்பைப் படித்து, கொடுத்த குறிப்புகளை உட்தலைப்புகளாக்கி, இரண்டு பக்கத்துக்குக் குறையாமல், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி முடிக்க வேண்டும். நிறைய எழுதிப் பழகிய பெரியவர்கள்கூட இத்தனை குறைந்த நேரத்தில் ஒரு விஷயத்தைப் புதிதாக யோசித்து எழுதிவிட மாட்டார்கள். ஏற்கெனவே தலைக்குள் தயாராக இருப்பதைத்தான் யாராலும் இறக்கி வைக்க முடியும். உங்கள் ஆசிரியை பத்துப் பன்னிரண்டு கட்டுரைகளைத் தயார் செய்து தந்து படிக்கச் சொல்லியிருந்தால், அந்தத் தேர்வு கேட்டதற்கு அதுதான் சரியான ஏற்பாடு. நீங்கள் அதைப் படித்து எழுதியதும் நேர்மையான வேலைதான்.

அந்த 4 எப்படி 7 ஆனது என்பதையும் உள்ளே இருந்து பார்த்தவனாகச் சொல்கிறேன். முகாமில் காலையில் ஒரு கட்டு, பிற்பகலில் ஒரு கட்டு என்று விடைத்தாள்கள் வரும். உதவித் தேர்வாளர் திருத்துவார், கூர்ந்தாய்வாளர் விடுபட்டதையும் கூட்டலையும் சரிபார்ப்பார், முதன்மைத் தேர்வாளர் மேற்பார்வை பார்ப்பார். எல்லோர் முன்னாலும் ஒரே விடைக்குறிப்பு இருக்கும். ஆண்டுக்குச் சுமார் 9 லட்சம் பேர் எழுதுகிற தேர்வு இது. இராமநாதபுரத்தில் திருத்துகிறவரும் திருவள்ளூரில் திருத்துகிறவரும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் போட வேண்டுமானால், இருவர் கண்ணுக்கும் ஒரே மாதிரி தெரிகிறவற்றுக்குத்தான் மதிப்பெண் வைக்க முடியும். முன்னுரை இருக்கிறதா, முடிவுரை இருக்கிறதா, குறிப்புகள் உட்தலைப்புகளாக வந்திருக்கின்றனவா, பொருத்தமான மேற்கோள் உண்டா, பிழை குறைவா என்று பார்ப்போம். சிந்தனை புதிதா என்பதற்கு அந்தத் தாளில் இடம் ஒதுக்க முடிவதில்லை. அது திருத்துகிறவர்களின் அலட்சியத்தால் வருவதில்லை. ஒரு திண்டுக்கல் மாணவிக்கும் ஒரு திருநெல்வேலி மாணவனுக்கும் அநியாயம் நடந்துவிடக் கூடாது என்ற கவலையில் வருவது. ஆக, உங்கள் 4 ஏழாக மாறியது இந்தக் கண்ணுக்குத் தெரிகிற அமைப்பில் நீங்கள் தேறிவிட்டதைக் காட்டுகிறது. இது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

அமைப்பு என்பது சின்ன விஷயம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு தலைப்பைக் கையில் வாங்கியதும் அதை நான்கைந்து கூறாகப் பிரிப்பது, எதை முதலில் சொல்வது எதைப் பின்னால் வைப்பது என்று முடிவு செய்வது, ஒரு பத்தியை ஒரே விஷயத்தோடு நிறுத்துவது, நேரம் முடிவதற்குள் முடித்து வைப்பது ஆகிய எல்லாமே பயிற்சியால் வருகிறவை. பின்னால் ஓர் அலுவலகத்தில் அறிக்கை எழுதும்போதோ கலெக்டர் அலுவலகத்துக்கு மனு எழுதும்போதோ இதே திறமைதான் கைகொடுக்கும். ஊரில் மனு எழுதத் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிறர் வருவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவரிடம் இருப்பது பெரும்பாலும் இந்தத் திறமைதான்.

பிழைகளையும் எண்ணிப் பார்த்துவிடலாம். ஜூன் கட்டுரையில் சிவப்பு மையில் எத்தனை வட்டம், பிப்ரவரி கட்டுரையில் எத்தனை? வல்லினம் மிகும் இடத்தில் ஒற்றுப் போடுகிறீர்களா? ‘கீரை கடை’ என்றால் கீரையைக் கடையச் சொல்வது, ‘கீரைக் கடை’ என்றால் கீரை விற்கும் இடம். வகுப்பில் எல்லா ஆசிரியரும் சொல்கிற உதாரணம்தான் இது. ஆனால் எழுதும்போது கை தானாக அந்த ஒற்றைப் போட வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் எழுதியிருக்க வேண்டும். ர, ற குழப்பமும் ல, ள, ழ குழப்பமும் குறைந்திருந்தால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். இவையெல்லாம் எண்ணக்கூடிய வளர்ச்சி. இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. அதனால் ‘நான் எதையும் கற்கவில்லை’ என்று நீங்கள் எழுதினால் அது உண்மையாக இருக்காது.

இனிமேல் வருவதுதான் கடினமான பகுதி. நன்னூலைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதிய பவணந்தி முனிவர், அதன் பாயிரத்தில் ஒரு நூலுக்கு வரக்கூடாத குற்றங்கள் பத்து என்று பட்டியல் போடுகிறார். நீங்கள் அதை இலக்கணப் பகுதியாக மட்டும் பார்த்திருக்கலாம். நான் அதைத் திருத்துகிறவனின் கையேடாகவே பல ஆண்டு வைத்திருந்தேன். பத்தையும் இங்கே சொல்லப் போவதில்லை. பள்ளிக் கட்டுரையில் அடிக்கடி கண்ணில் படுகிறவை நான்கு. கூறியது கூறல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல் (நன்றாகத் தொடங்கிப் போகப் போகத் தேய்ந்து முடிவது). இவற்றில் ‘மற்றொன்று விரித்தல்’ உங்கள் நோட்டில் குறைந்துகொண்டே வந்திருக்கும், ஏனென்றால் உட்தலைப்பு உங்களைக் கட்டிப் போட்டுவிடும். நூலகம் பற்றி எழுதத் தொடங்கிக் கணினியின் பெருமையில் முடிகிற கட்டுரையை ஜூனில் எழுதியிருந்தாலும் ஜனவரியில் எழுதியிருக்க மாட்டீர்கள். ஆனால் ‘வெற்றெனத் தொடுத்தல்’, அதாவது பொருளே இல்லாத சொற்களை அழகாகக் கோத்துக்கொண்டு போவது, வருடம் போகப் போகக் கூடியிருக்க வாய்ப்புண்டு. மதிப்பெண்ணும் அதோடு சேர்ந்தே கூடியிருக்கும். இரண்டு பக்கத்தை நிரப்ப வேண்டும், சொல்ல விஷயம் அரைப் பக்கத்துக்குத்தான் இருக்கிறது என்றால் மீதி ஒன்றரைப் பக்கத்தை வேறு எதைக் கொண்டு நிரப்புவது?

ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன். தண்ணீர் பற்றிய கட்டுரை உங்கள் நோட்டில் கட்டாயம் இருக்கும். அது ‘நீரின்றி அமையாது உலகு’ என்று தொடங்கும். ஏறக்குறைய எல்லோருடைய கட்டுரையும் அப்படித்தான் தொடங்கும், அடுத்த வரியில் ‘என்றார் வள்ளுவர்’ என்று இருக்கும். ஆனால் வள்ளுவர் அங்கே நிறுத்தவில்லை. ‘நீரின்றி அமையாது உலகெனின் யார்யார்க்கும் வானின்று அமையாது ஒழுக்கு’ என்பது முழுக்குறள், வான்சிறப்பு அதிகாரத்தின் கடைசிக் குறள். எல்லோரும் ஒத்துக்கொள்கிற ஒன்றை முதலில் வைத்து, ‘அப்படியானால்’ என்று அதைப் பிடித்துக்கொண்டு, அதிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறார். அந்த இரண்டாவது பாதியில் அவர் என்ன சொல்கிறார் என்பதில் உரைகாரர்களுக்குள்ளேயே வேறுபாடு உண்டு. தண்ணீர் இடையறாமல் ஓடுகிற ஒழுக்கைச் சொல்கிறார் என்பது பரிமேலழகர் உரை. மழை இல்லாவிட்டால் மனிதர்களின் ஒழுக்கமும் நிலைக்காது என்று மு. வரதராசனார் எழுதுகிறார். இப்போது பாருங்கள், முழுக்குறளையும் எடுத்துக்கொண்டால் நீங்கள் யோசித்தே ஆக வேண்டும். தண்ணீர் பஞ்சம் வந்தால் ஊரில் ஒழுக்கம் கெடுமா? குழாயடியில் என்ன நடக்கிறது? மடைத் தண்ணீருக்காக வயல்காரர்கள் சண்டை போட்டதை உங்கள் தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? முதல் பாதியோடு வெட்டிவிட்டால் யோசிக்க ஒன்றும் இல்லை, அது சுவரில் எழுதுகிற வாசகமாகிவிடுகிறது. மேற்கோள் காட்டக் கற்றீர்களா என்று நோட்டில் பார்க்கும்போது, எத்தனை மேற்கோள் என்று எண்ணாதீர்கள். மேற்கோளுக்கு அடுத்த வரி அந்த மேற்கோளால் பிறந்த வரியா, அது இல்லாவிட்டாலும் அப்படியே நின்றிருக்கிற வரியா என்று பாருங்கள்.

இன்னொன்றும் தேடுங்கள். ஒன்பதாம் வகுப்பில் இதே தலைப்பில் ஓர் உரைநடைப் பாடம் படித்தீர்கள். அதில் அகழி, இலஞ்சி, உறைகிணறு, ஊருணி, கண்மாய், கூவல், கேணி, பூட்டைக் கிணறு என்று நீர்நிலைகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும். படித்து ஒப்பித்திருப்பீர்கள். அடுத்த வருடம் தண்ணீர் பற்றி எழுதும்போது அவற்றில் எத்தனை உங்கள் கட்டுரைக்குள் வந்தன? பெரும்பாலும் ‘நீர்நிலைகள்’ என்ற ஒரே பொதுச்சொல்தான் வந்திருக்கும். நீங்கள் சிவகங்கைச் சீமைக்காரர். கண்மாயும் ஊருணியும் உங்களுக்குப் பாடப்புத்தகச் சொற்கள் இல்லை, தினமும் வாயில் புழங்குகிற சொற்கள். கண்மாய் நிறைந்து, மிஞ்சிய தண்ணீர் வெளியேறும் கலுங்கில் மறுகால் பாய்வதைப் பார்த்திருப்பீர்கள், அல்லது அது பாய்ந்து எத்தனை வருடமாயிற்று என்று பெரியவர்கள் புலம்பக் கேட்டிருப்பீர்கள். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் தூர்ந்து போனதும், கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் காடாக நிற்பதும் உங்களுக்குத் தெரியும். இவ்வளவு தெரிந்த ஒருவர் ‘நீர்நிலைகளைப் பாதுகாக்க வேண்டும்’ என்று எழுதிவிட்டுப் போனால், அவர் தனக்குத் தெரிந்ததை வாசலிலேயே விட்டுவிட்டுத் தேர்வறைக்குள் போயிருக்கிறார் என்றுதான் அர்த்தம். ‘ஒரு வரிகூட என்னுடையது இல்லை’ என்று உங்களுக்குத் தோன்றுவதன் காரணம் இதுவாக இருக்கலாம் என்பது என் ஊகம். உங்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் இல்லை. உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் கட்டுரைக்குள் வரத் தகுந்த விஷயம் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

என்னிடம் படித்த ஒரு பெண்ணின் அரையாண்டுத் தேர்வுத் தாள் இன்னும் நினைவில் இருக்கிறது. தயார் செய்த கட்டுரையைத்தான் எழுதிக்கொண்டு வந்தாள். நடுவில், ‘நீர்ப் பற்றாக்குறை’ என்ற உட்தலைப்பின் கீழ், “எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வருகிற நாளில் நான் முதல் பீரியடுக்கு வர முடியாது. அம்மா வேலைக்குப் போய்விடுவதால் நான்தான் பிடிக்க வேண்டும்” என்று இரண்டு வாக்கியம். பிறகு மறுபடியும் மனப்பாட வரிகள். மதிப்பெண் அளவில் அந்த இரண்டு வாக்கியத்துக்கு எதுவும் கூடவோ குறையவோ இல்லை. ஆனால் அந்த வகுப்பு முழுவதும் எழுதிய தண்ணீர்க் கட்டுரைகளில், படிக்கிறவனுக்கு ஒரு புது விஷயத்தைச் சொன்ன வாக்கியங்கள் அவை இரண்டுதான். அவள் ஏன் தாமதமாக வருகிறாள் என்பது அதுவரை எனக்கே தெரியாது. உங்கள் நோட்டிலும் இப்படி எங்காவது ஒன்றிரண்டு வரி தவறி விழுந்திருக்கும். பொறுமையாகத் தேடுங்கள். ஒன்றே ஒன்று கிடைத்தாலும் உங்கள் ஆண்டு மலர்க் கட்டுரை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

இந்த வித்தியாசத்தை ஆராய்ந்தவர்களும் இருக்கிறார்கள். கனடாவைச் சேர்ந்த கார்ல் பெரைட்டர், மார்லின் ஸ்கார்டமாலியா இருவரும் 1987இல் வெளியிட்ட ஆய்வில், எழுதுகிறவர்கள் இரண்டு விதமாக வேலை செய்வதாகச் சொன்னார்கள். ஒரு விதத்தில், தலைப்பைப் பார்த்ததும் நினைவுக்கு வருவதை வரிசையாக இறக்கி வைப்பார்கள், ஒரு வாக்கியம் அடுத்த வாக்கியத்தை இழுத்துக்கொண்டு வரும். இளம் மாணவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் எழுதுகிறார்கள். இன்னொரு விதத்தில், எழுத எழுதவே தெரிந்ததை மாற்றி யோசிப்பார்கள், எழுதி முடிக்கும்போது அவர்கள் கருத்தே கொஞ்சம் நகர்ந்திருக்கும். முதல் விதத்திலிருந்து இரண்டாவதுக்கு வயது ஏறினால் மட்டும் போய்விட முடியாது. எழுதியதைத் திரும்பப் பார்த்து மாற்றுகிற பழக்கம் வேண்டும். 2007இல் அமெரிக்காவில் ஸ்டீவ் கிரஹாம், டோலரஸ் பெரின் இருவரும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மாதிரிக் கட்டுரைகளைப் படித்துப் பின்பற்றுவதால் ஓரளவு பயன் உண்டு என்றும், திட்டமிடவும் திருத்தி எழுதவும் நேரடியாகச் சொல்லிக் கொடுத்தால் பயன் அதைவிட வெகுவாகக் கூடும் என்றும் தெரிந்தது. ஆக, நீங்கள் மாதிரிக் கட்டுரைகளைப் படித்த காலம் வீண் போகவில்லை. அதன் பயனுக்கு ஓர் எல்லை உண்டு, அவ்வளவுதான். இந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதும் பிள்ளைகளைப் பார்த்தவை என்பதையும் சொல்லியாக வேண்டும். பேச்சு ஒரு மாதிரி, எழுத்து ஒரு மாதிரி என்று இருக்கும் நம் பிள்ளைகளுக்கு அப்படியே பொருந்துமா என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். நம் பிள்ளைகளுக்கு எழுத்துத் தமிழின் வாக்கிய ஓட்டமே மனப்பாடம் வழியாகத்தான் காதில் ஏறுகிறது. அதனால் இங்கே மனப்பாடத்துக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் மதிப்பு உண்டு என்பது என் அனுபவம். இதை அனுபவம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள், நிரூபிக்கப்பட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

திருத்தி எழுதுவது என்றேன். உங்கள் நோட்டில் ஒரே கட்டுரையை இரண்டு முறை எழுதியிருக்கிறீர்களா? ‘பிழைகளை மூன்று முறை எழுதுக’ என்பதை நான் சொல்லவில்லை. ஒரு கட்டுரையை எழுதி, திருத்தம் வாங்கி, யோசித்து, மறுபடி முழுதாக எழுதியது உண்டா? அநேகமாக இருக்காது. அதற்கு உங்கள் ஆசிரியையைக் குறை சொல்லவும் முடியாது. ஓர் ஆசிரியருக்கு மூன்று பிரிவு, பிரிவுக்கு 40 பேர் என்று வைத்துக்கொண்டால் 120 நோட்டு. நோட்டுக்கு 5 நிமிடம் என்றால் 10 மணி நேரம். அதுவும் ஒரே ஒரு கட்டுரைக்கு. நடத்த வேண்டிய பாடம், ஸ்லிப் டெஸ்ட், காலாண்டு, அரையாண்டு, மூன்று திருப்புதல் தேர்வு எல்லாம் வரிசையில் நிற்கும்போது இரண்டாம் முறை எழுதிய கட்டுரையை எதிர்பார்க்க எந்த ஆசிரியரால் முடியும்? அதனால் மதிப்பெண்ணும் ஒரு கையெழுத்தும் ‘நன்று’ என்ற ஒரு சொல்லும்தான் மிஞ்சும். இஸ்ரேலில் ரூத் பட்லர் என்பவர் ஐந்து, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துச் செய்து 1988இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. சிலருக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்குக் கருத்து மட்டும், சிலருக்கு இரண்டும் கொடுத்துப் பார்த்தார். கருத்து மட்டும் கிடைத்தவர்கள் முன்னேறினார்கள். இரண்டும் சேர்ந்து கிடைத்தவர்களுக்கு அந்தப் பயன் இல்லாமல் போயிற்று. அது கட்டுரைக்காகச் செய்த ஆய்வு இல்லை, பிள்ளைகளும் உங்களைவிடச் சின்னவர்கள். ஆனாலும் நோட்டைத் திருப்பிக் கொடுத்த உடனே வகுப்பே ‘உனக்கு எவ்வளவு, உனக்கு எவ்வளவு’ என்று கேட்டுக்கொண்டு, ஓரத்தில் எழுதியதை யாரும் படிக்காமல் மூடி வைப்பதைப் பார்த்த எந்த ஆசிரியருக்கும் அதில் ஆச்சரியம் இருக்காது. உங்கள் ஆசிரியை ஓரத்தில் ஏதாவது எழுதியிருக்கிறாரா என்று இப்போது போய்ப் பாருங்கள். ‘ஏன்?’ என்ற ஒரு கேள்விக்குறி இருந்தாலும் போதும். வருடம் முழுக்க உங்களுக்குக் கிடைத்ததில் அதற்குத்தான் அதிக மதிப்பு.

சரி, இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நோட்டிலிருந்து ஜூன் கட்டுரை ஒன்றையும் கடைசிக் கட்டுரை ஒன்றையும் எடுங்கள். ஒரே மாதிரித் தலைப்பாக இருந்தால் நல்லது. இரண்டையும் சத்தமாகப் படியுங்கள். ஜூன் கட்டுரை தடுமாறும், பத்திகள் ஒழுங்கில்லாமல் இருக்கும், ஆனால் அதில் உங்கள் பேச்சு கொஞ்சம் கேட்கும். கடைசிக் கட்டுரை தடையில்லாமல் ஓடும், ஆனால் அது உங்கள் பக்கத்து பெஞ்சுப் பையனுடையதாகவும் இருக்கலாம். எல்லோருக்கும் இப்படி இருக்கும் என்று சொல்ல வரவில்லை, எனக்குத் தெரிந்த பலருக்கு இருந்திருக்கிறது. அப்புறம் ஜூன் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு பத்தியை மட்டும் எடுத்து, இந்த வருடம் கற்ற ஒழுங்கோடு மறுபடி எழுதுங்கள். மேற்கோள் வேண்டாம். ‘நாம் அனைவரும் பாதுகாக்க வேண்டும்’ என்று முடிகிற வாக்கியம் வேண்டாம். உங்கள் ஊர்க் கண்மாயின் பெயரைப் போடுங்கள். அதில் கடைசியாக எப்போது தண்ணீர் நின்றது என்று வீட்டில் கேளுங்கள். வரத்துக்காலை யார் வெட்டுவார்கள், இப்போது யார் வெட்டுவதில்லை, ஏன் என்று விசாரியுங்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். எழுதி இரண்டு நாள் வைத்திருந்து, திரும்பப் படித்து, வெட்ட வேண்டியதை வெட்டுங்கள். தேர்வில் கிடைக்காத அந்த நேரம் இப்போது விடுமுறையில் உங்களிடம் இருக்கிறது.

இதைச் செய்யும்போது ஒன்றைக் கவனிப்பீர்கள். பத்தியைப் பிரிப்பதிலும் வரிசைப்படுத்துவதிலும் உங்களுக்குச் சிரமமே இருக்காது. ஒற்றுப் பிழை குறைவாக இருக்கும். ஜூன் மாதம் இந்த விஷயங்களை யாராவது உங்களிடம் கொடுத்திருந்தால் ஒன்றோடொன்று கலந்து போட்டிருப்பீர்கள். இப்போது எது முதலில், எது அப்புறம் என்று கை தானாகப் பிரிக்கும். இந்த ஓராண்டு உங்களுக்குக் கொடுத்தது இதைத்தான். சிரமம் வேறோர் இடத்தில் வரும். எதைச் சொல்வது, சொல்வது உண்மையா, படிக்கிறவருக்கு அது எதற்கு என்று கேட்கும் இடத்தில் தடுமாறுவீர்கள். அது நீங்கள் இன்னும் கற்காதது, பத்தாம் வகுப்பில் யாரும் உங்களிடம் கேட்டிராதது. நான் பார்த்தவரை, தடுமாற்றம் அந்த இடத்தில் வருகிற பிள்ளைகள் பிற்பாடு நன்றாக எழுதினார்கள். அமைப்பே வராதவர்களுக்கு அந்தத் தடுமாற்றம்வரை போகவே முடிவதில்லை.

ஆண்டு மலருக்கு அந்தப் பழைய பத்தியையும் புதிய பத்தியையும் அப்படியே அடுத்தடுத்து வையுங்கள். நடுவில் என்ன மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள், எதை மாற்ற முடியவில்லை என்று எழுதுங்கள். இரண்டு பக்கம் தானாக நிறைந்துவிடும். ‘கட்டுரை என் அறிவை வளர்த்தது, என் ஆசிரியருக்கு நன்றி’ என்ற மாதிரி வரிகள் தேவையே இருக்காது. நன்றி சொல்ல விரும்பினால், ஆசிரியை எந்தக் கட்டுரையில் எந்தத் திருத்தத்தைப் போட்டார், அதற்குப் பிறகு நீங்கள் எதை மாற்றினீர்கள் என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள். அதைவிட நல்ல நன்றியை எந்த ஆசிரியரும் எதிர்பார்க்க மாட்டார்.

மனப்பாடம் பற்றி வெளிப்படையாக எழுதினால் ஆசிரியை வருத்தப்படுவாரோ என்ற தயக்கம் உங்கள் கேள்வியில் தெரிந்தது. அச்சுக்குப் போகும் முன் அவரிடம் காட்டிவிடுங்கள். ‘எங்களுக்கு 15 நிமிடம்தான் இருந்தது, அதனால் இப்படித் தயாரானோம்’ என்று காரணத்தோடு எழுதினால் அதில் யாரையும் குறை சொல்வதாக இருக்காது. தமிழாசிரியர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான் அது, பலர் இதைப் பற்றி உங்களைவிட அதிகமாகக் கவலைப்பட்டவர்கள். ஒருவேளை அந்தப் பத்தி வேண்டாம் என்று அவர் சொன்னால் எடுத்துவிடுங்கள், பழைய பத்தியும் புதிய பத்தியும் மட்டும் இருந்தாலே விஷயம் விளங்கும். பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவு எடுக்கப் போகிறீர்கள் என்று சொல்லவில்லை. எந்தப் பிரிவாக இருந்தாலும் தமிழ்த் தாள் உண்டு, கட்டுரையும் உண்டு. எழுதி முடித்ததும் அந்த இரண்டு பத்திகளை மட்டும் இங்கே போடுங்கள். படித்துவிட்டு, மதிப்பெண் போடாமல், ஓரத்தில் என்ன எழுதியிருப்பேனோ அதைச் சொல்கிறேன்.